பதினான்கு வருஷம் தூக்காத விரல்

விஸ்லோ ஊரைச் சுற்றியுள்ள சரளை மண் சாலைகளில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஸ்டீரிங்கின் உச்சியில் கிடக்கும் வலது கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சிரிக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது. ஹாரன் அடித்தால் அவர்கள் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு விரல் என்றால், நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன், சரி, போ என்று பொருள். இரண்டு விரல் சொந்தக்காரர்களுக்கு. முழுக் கையையும் ஆட்டுகிறவர்கள் தேர்தலில் நிற்பவர்கள், இல்லாவிட்டால் வழி தவறி வந்த டொரான்டோக்காரர்கள்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்களை மீறியவர்கள் அங்கே நிறைய உண்டு. இதை மீறியவர் ஒருவர்தான் என்று ஒரெஸ்ட் பாவ்லுக் சொல்வார். அவர் பெயர் லைல் ஸ்டென்ரூட். பக்கத்துப் பண்ணை.

ஒரெஸ்டுக்கு எழுபத்திரண்டு வயது. பதினாறு வயதில் அப்பாவின் வண்டியை ஓட்டத் தொடங்கியதிலிருந்து விரல் தூக்கி வருகிறார். 2010ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, வடக்குச் சாலையில் லைலின் வெள்ளை வண்டி எதிரே வந்தது. ஒரெஸ்ட் விரலைத் தூக்கினார். லைல் தூக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி வெர்னாவிடம் சொன்னார்.

"பாத்திருக்க மாட்டான்" என்றாள் வெர்னா.

"கண்ணைத் தொறந்துதானே வெச்சிருந்தான்?"

"நீயும்தான் தொறந்து வெச்சிருக்கே. பால் வாங்கிட்டு வரச் சொன்னது எங்க?"

மறுநாள் வெள்ளிக்கிழமை, அதே சாலை, அதே நேரம். அன்றைக்கு லைல் விரலைத் தூக்கினார். ஒரெஸ்ட் தூக்கவில்லை. வழக்கு அவ்வளவுதான். ஒரெஸ்டின் கணக்கில் சண்டை வியாழக்கிழமை தொடங்கியது. லைலின் கணக்கில் வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு பதினான்கு வருஷமாக இருவரும் தூக்கவில்லை.

விரலைத் தூக்குவது சுலபம். தூக்காமல் இருப்பதுதான் வேலை. நாற்பது வருஷத்துக்கு மேல் தானாகவே எழுந்து பழகிய விரல் அது. அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதுவும் அந்த ஊர்த் தரை எப்படிப்பட்டது? தோசைக்கல்லைப் போலத் தட்டை. தூரத்தில் வண்டி வருவதைப் பார்த்துவிட்டு வெர்னா மாவைப் பிசைந்து அடுப்பில் வைத்தால், ரொட்டி வெந்து இறங்கும்போதுதான் அந்த வண்டி வாசலுக்கு வரும். அந்த நாட்டு வண்டிகளுக்குப் பகலிலும் முன்விளக்கு எரியும். லைலின் வண்டிக்கு ஒரு பக்க விளக்குத்தான் எரியும். அடிவானத்தில் அந்த ஒற்றை விளக்கு தெரிந்ததும் ஒரெஸ்ட் விரலை அமுக்கத் தொடங்குவார். எட்டு நிமிஷம் அமுக்க வேண்டும். தாண்டிப் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்திக் கையை உதறிக்கொள்வார். அறுவடை மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு தடவை. இரவில் வெர்னா அந்த விரலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். தேய்த்துவிடும்போது பேச மாட்டாள். அவள் பேசாமல் தேய்ப்பது வலியை விட மோசமாக இருக்கும்.

நடுவில் ஒரு வருஷம், பார்க்கவே வேண்டாமே என்று, ஒன்பது கிலோமீட்டர் சுற்றித் தெற்குச் சாலை வழியாகப் போய்ப் பார்த்தார். அங்கேயும் எதிரே ஒற்றை விளக்கு வந்தது. லைலும் இவரைப் பார்க்க வேண்டாமென்று சுற்றித்தான் போயிருக்கிறார். ஒரு வருஷம் இருவரும் தெற்குச் சாலையில் தினமும் சந்தித்துக்கொண்டார்கள். பிறகு ஒரே திங்கட்கிழமையில் இருவரும் வடக்குச் சாலைக்குத் திரும்பினார்கள்.

கோபம் மூன்றாம் வருஷமே தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்ந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? முதலில் தூக்குகிறவன், பதினான்கு வருஷத் தப்பும் என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டவனாகிவிடுவான். ஊரில் கூட்டுறவுக் கடையின் மூலையில் ஒரு காப்பி மேஜை உண்டு. கிழவர்கள் தினமும் காலையில் உட்காரும் இடம். யார் முதலில் தூக்குவார் என்பதில் அந்த மேஜை இரண்டாகப் பிரிந்திருந்தது. லைல் ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குப் போவார். ஒரெஸ்ட் ஒன்பதுக்கு வருவார். நடுவில் உள்ள அரை மணி நேரத்தில் நாற்காலி ஆறிக்கொள்ளும்.

அப்படியே இருவரும் செத்துப்போயிருக்கலாம். கெடுத்தது ஒரு காப்பிக் கடை.

ஜூலை முதல் வாரம் வெர்னாவின் கண்ணைக் காட்ட நகரத்துக்குப் போனார்கள். மருத்துவர் அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார். அந்த நேரத்தில் ஒரெஸ்ட் எதிரே இருந்த கடைக்குள் நுழைந்தார். கோப்பையை அவரே எடுத்தார். காப்பியை அவரே ஊற்றினார். மூடியை அவரே தேடிப் போட்டார். கல்லாவில் இருந்த பெண் ஒரு கண்ணாடிப் பலகையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அது உங்களை ஒரே ஒரு கேள்வி கேக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, மரியாதையாகக் கூரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டது பலகை. மூன்று முகங்கள் இருந்தன. ஒன்று லேசாகச் சிரித்தது, ஒன்று பல் தெரியச் சிரித்தது, மூன்றாவது ஆனந்தக் கண்ணீர் விட்டது. தர விருப்பமில்லை என்பது அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. ஒரெஸ்ட் அதைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் விரலின் தோல் ஐம்பது வருஷம் இரும்பையும் மண்ணையும் பிடித்துக் காய்த்துப்போனது. அவர் உயிரோடு இருப்பதே அந்தக் கண்ணாடிக்குத் தெரியவில்லை. பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஏழு பேரும் அவரைப் பார்க்காமல் தங்கள் கைபேசியைப் பார்த்தார்கள். நகரத்தில் அதுதான் ஒருவரை அவசரப்படுத்தும் முறை. மறுபடி தொட்டார். நக்கிவிட்டுத் தொட்டார். கடைசியில் ஒரு குத்துக் குத்தினார்.

டக்கென்று சத்தம் கேட்டது. கண்ணாடியில் ஆனந்தக் கண்ணீர் முகம் மலர்ந்து நன்றி சொன்னது. விரலின் நரம்பு அறுந்துவிட்டது.

மருத்துவமனையில் மாரிசெல் என்ற செவிலிப் பெண், ஆள்காட்டி விரலை அடியிலிருந்து நுனிவரை தகடு வைத்துக் கட்டினாள். கட்டு முடிந்ததும் விரல் கொடிக்கம்பம் போல நின்றது.

"எட்டு வாரம் சார். வளைக்கவே கூடாது."

"வண்டி ஓட்டலாமா?"

"தாராளமா. கையைக் கீழ தொங்கப் போட்டா வீங்கும். விரல் மட்டும் எப்பவும் மேல பாத்து இருக்கட்டும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

திரும்பும்போதும் அவர்தான் ஓட்டினார். வெர்னாவுக்குக் கண்ணில் மருந்து. இடது கையால் ஓட்டலாமென்றால், அறுவடை இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் அந்தக் கை இடுப்புக்கு மேலே வராது. ஆகவே வலது கை ஸ்டீரிங்கின் உச்சியில், விரல் வானத்தைப் பார்த்து. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் போனது. பசுக்களுக்குப் போனது. தபால் பெட்டிகளுக்குப் போனது. ஒரு டொரான்டோ வண்டி நின்று, வழி கேட்கலாமா என்றது. சாலையைக் கடந்த மான் ஒன்று அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதாக ஒரெஸ்ட் பிறகு சொன்னார். மானைப் பற்றி அவர் பொய் சொல்லமாட்டார்.

விஸ்லோவுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது அடிவானத்தில் ஒற்றை விளக்கு முளைத்தது.

"வெர்னா, லைல் வர்றான்."

"எனக்கு எல்லாம் மங்கலா இருக்கு. ரெண்டு லைல் வர்றாங்க."

"இந்த விரலை என்ன பண்றது?"

"கையைக் கீழ எடு."

"எடுத்தா யார் ஓட்டுறது? நீ ஓட்டுறியா, ரெண்டு சாலையிலயும்?"

"எட்டு நிமிஷம் இருக்கில்ல, யோசி."

யோசித்தார்கள். ஏழாவது நிமிஷம் வரை யோசித்தார்கள். வெள்ளை வண்டி நெருங்கிவிட்டது. வெர்னாவுக்குப் பதற்றத்தில் ஒன்று தோன்றியது. தன் மடியிலிருந்த வெயில் தொப்பியை எடுத்து, விரல் தெரியாதபடி அதன் மேல் கவிழ்த்தாள். கண் மங்கல் என்பதால் குத்துமதிப்பாகத்தான் கவிழ்த்தாள். தொப்பி விரல் நுனியில் போய் நின்றது.

லைல் பார்த்தது இதைத்தான்: பதினான்கு வருஷமாகப் பேசாத பக்கத்துப் பண்ணைக்காரர், விரலை மட்டும் தூக்கவில்லை, தொப்பியையும் தூக்கினார். அந்தச் சாலைகளில் அவ்வளவு பெரிய மரியாதையை யாரும் யாருக்கும் செய்ததில்லை. இங்கிலாந்து ராணி ரயிலில் போனபோதுகூடச் செய்ததில்லை.

பின்கண்ணாடியில் ஒரெஸ்ட் பார்த்தார். வெள்ளை வண்டியின் பின்விளக்குகள் சிவந்தன. வண்டி நடுச் சாலையில் நின்றது. தூசி முழுவதும் அடங்கிய பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரெஸ்ட் காப்பி மேஜைக்குப் போனபோது அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

"வாப்பா பெரிய மனுஷா" என்றார் நெஸ்டர். நெஸ்டர் ஒரெஸ்டின் கட்சிக்காரர். ஆனால் அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். "பதினாலு வருஷம் உன் பக்கம் பேசினேன்டா. பதினாலு வருஷம்! தொப்பியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் தூக்கலடா. கட்டுப் போட்டிருக்கு, பாரு."

நெஸ்டர் விரலைச் சுற்றிப் பார்த்தார். "சரி. கட்டு. தொப்பி?"

"அது வெர்னா."

"சண்டை உனக்கா வெர்னாவுக்கா?"

மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்த எல்வுட் தொண்டையைச் செருமினார். எல்வுட் எந்தக் கட்சியும் இல்லாதவர். முப்பது வருஷம் வீடு வீடாக டீசல் கொண்டு போய்க் கொடுத்தவர். எல்லார் வீட்டு விஷயமும் தெரியும் என்பதால் எதையும் சொல்லமாட்டார். ஆகவே தீர்ப்புகளுக்கு அவர்தான்.

"கட்டு போட்டது செவிலி. ஆனா கட்டுப் போட்ட கையைக் கொண்டு போய் ஸ்டீரிங் மேல வெச்சது யாரு?"

"வேற எங்கடா வெக்கிறது?"

"அதை நீதான் சொல்லணும். விரல் நின்னுச்சா? நின்னுச்சு. எதிர்ல லைல் வந்தானா? வந்தான். தூக்கினது தூக்கினதுதான்."

"எல்வுட், நாளைக்குக் காலைல அவன்கிட்ட நீ சொல்லிடு. அது வெறும் கட்டுன்னு."

எல்வுட் கோப்பையை மூன்று முறை சுற்றினார். "அவன் காலைல ரெண்டு கப் குடிச்சான், ஒரெஸ்ட். என்னிக்கும் ஒண்ணுதான் குடிப்பான். நான் அந்த மூஞ்சியைப் பாத்தேன். என்னால முடியாது. நீயே சொல்லிக்கோ."

சொல்லிவிட வேண்டும் என்று ஒரெஸ்ட் முடிவு செய்தார். பதினான்கு வருஷம் கைவலியோடு காப்பாற்றியதை ஒரு தொப்பியால் இழப்பதா? ஆனால் எப்படிச் சொல்வது? தொலைபேசியில் கூப்பிட்டால், முதலில் கூப்பிட்டது யார் என்று இன்னொரு வழக்கு வரும்.

அந்தக் கவலையை லைலே தீர்த்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றது. லைல் இறங்கினார். நல்ல உயரம், வெளுத்த புருவம், சலவை செய்த சட்டை. கையில் தொடை நீளத்துக்கு, வெள்ளரிக்காய் மாதிரி ஒரு சுக்கினி. அந்த ஊரில் கோடையில் சுக்கினி எல்லார் தோட்டத்திலும் அளவுக்கு மீறிக் காய்க்கும். யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள், வேண்டியவர்கள் தலையில்தான் கட்டுவார்கள். பதினான்கு வருஷமாக ஒரெஸ்ட் வீட்டுக்கு ஒரு சுக்கினி குறைந்துகொண்டிருந்தது.

"காய் கொஞ்சம் அதிகமாப் போச்சு" என்றார் லைல்.

"உள்ள வா" என்றார் ஒரெஸ்ட்.

சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரெஸ்டின் கை மேஜை மேல் இருந்தது. வெள்ளைக் கட்டுப் போட்ட விரல், இருவருக்கும் நடுவில், மெழுகுவர்த்தி போல நின்றது. லைல் நாட்காட்டியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். ஜன்னல் திரையில் இருந்த சேவலைப் பார்த்தார். விரலை மட்டும் பார்க்கவில்லை.

"காப்பி போடட்டுமா லைல்?" என்று வெர்னா கேட்டாள்.

"வேணாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல."

"இல்ல இல்ல, நான் இப்பக் கிளம்பிடுவேன்."

"சும்மா அரைக் கப்?"

"சரி, போட்டது இருந்தா."

மூன்றாம் தடவைதான் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் தடவையில் ஒப்புக்கொண்டால் அலைகிறான் என்று பெயர் வரும். மூன்றாம் தடவைக்குப் பிறகும் மறுத்தால் கோபம் என்று பெயர் வரும்.

ஒரெஸ்ட் வாயைத் திறந்தார். "லைல், அந்த விரல் வந்து..."

"மழை இல்லாம போச்சு, இல்ல?"

மழை இல்லாமல் போனதைப் பேசினார்கள். அது இருபது நிமிஷம். பிறகு வைக்கோல். பிறகு யார் யார் செத்துப்போனார்கள் என்று. பதினான்கு வருஷப் பாக்கி இருந்ததால் அது கொஞ்சம் நீண்டது. பிறகு முழங்கால். லைலின் வலது முழங்கால், ஒரெஸ்டின் இடது முழங்கால்.

"அன்னிக்குச் சாலையில நீ பாத்தது..." என்று ஒரெஸ்ட் மறுபடி ஆரம்பித்தார்.

"வெர்னா, இந்தத் திரை புதுசா?" என்றார் லைல்.

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது" என்றாள் வெர்னா.

ஐந்து மணிக்கு லைல் இரண்டு தொடையிலும் தட்டி, "சரி அப்போ" என்றார். அது கிளம்புவதற்கான முதல் அறிவிப்பு. வெர்னா சுக்கினிக்குப் பதிலாக ஒரு ஜாடி வெள்ளரிக்காய் ஊறுகாய் கொடுத்தாள். அதை வேண்டாம் என்று சொல்லப் பத்து நிமிஷம். வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம். வண்டியில் ஏறிய பிறகு, கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு இன்னொரு அரை மணி நேரம். இங்கேதான் உண்மையான பேச்சு நடக்கும். அந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு முக்கியமான விஷயத்தைப் பேசியதில்லை.

ஒரெஸ்ட் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டார். நின்று நின்று கால் கடுத்தது.

"அது கட்டுதான், லைல். நான் தூக்கல."

லைல் முன்கண்ணாடி வழியாகத் தூரத்துத் தானியக் கிடங்கைப் பார்த்தார். "தெரியும். உள்ள வந்ததும் பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன் அப்பவே போகல?"

"சுக்கினியைக் கொண்டு வந்துட்டேனே. திரும்பவா எடுத்துட்டுப் போக முடியும்?"

கனோலா என்ற எண்ணெய்வித்து வயலில் காற்று அடித்தது.

"அந்த வியாழக்கிழமை ஏன் நீ தூக்கல?" என்றார் ஒரெஸ்ட்.

"எந்த வியாழக்கிழமை? நீதான் வெள்ளிக்கிழமை தூக்கல."

"அதுக்கு முந்தின நாள்டா."

"முந்தின நாளு..." லைல் நேர்மையாக யோசித்தார். புருவம் ஒன்றோடொன்று முட்டியது. "எனக்கு ஞாபகம் இல்ல, ஒரெஸ்ட். சத்தியமா இல்ல. கை அரிச்சிருக்கும். இல்ல, வேற எதையாவது நெனச்சிட்டிருந்திருப்பேன்."

பதினான்கு வருஷத்துக்கு இதுதான் பதில் என்று ஒரெஸ்டுக்குப் புரிய நேரமாயிற்று. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தார். வரவில்லை. கொட்டாவி வந்தது.

"கட்டு எப்பப் பிரிப்பாங்க?" என்றார் லைல்.

"ஆகஸ்ட் கடைசி."

"அதுவரைக்கும் நீ தூக்கினதாவே வெச்சுக்கலாமா? நானும் பதிலுக்குத் தூக்கறேன்." லைல் தன் வலது கையைப் பிசைந்துகொண்டார். "எனக்கும் வலிக்குதுப்பா. அமுக்கி அமுக்கி."

"பிரிச்ச அப்புறம்?"

"அப்புறம் உன் விரல், உன் இஷ்டம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நினைத்துக்கொள்வார் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த எட்டு வாரம் ஒரெஸ்ட் நன்றாகத் தூங்கினார். ஒற்றை விளக்கு தெரிந்தால் அமுக்க வேண்டியதில்லை. விரல் நின்றுகொண்டிருக்கும். எதிரே லைலின் விரலும் எழும். காப்பி மேஜையில் இதை யாரும் சண்டை தீர்ந்தது என்று சொல்லவில்லை. கட்டுக் காலம் என்றார்கள். கட்டுப் பிரிக்கும் நாளை நெஸ்டர் கடையின் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார். "தன் சொந்த விரலால தூக்கினாத்தான் கணக்கு" என்று எல்வுட் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரெஸ்டுக்கு அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அசதியாக இருந்தது. திரும்பவும் அமுக்குவதா? இன்னும் எத்தனை வருஷம்? தூக்கிவிடலாம் என்றால், ஒரு முழு மேஜை அதைப் பற்றிப் பேசும். இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று இரவெல்லாம் புரண்டு, கட்டுப் பிரிக்கும் நாள் காலையில் முடிவுக்கு வந்தார். தூக்கிவிடுவது. எழுபத்திரண்டு வயதில் தோற்கவும் ஒரு தெம்பு வேண்டும், அது இருக்கும்போதே தோற்றுவிட வேண்டும்.

மாரிசெல் கட்டைப் பிரித்தாள். உள்ளிருந்து வெளிறிப்போன விரல் ஒன்று வந்தது. வேறு யாருடையதோ போலிருந்தது.

"கொஞ்ச நாள் விறைப்பா இருக்கும் சார். நீங்க சொல்றதைக் கேக்காது. மெல்ல மெல்லப் பழக்கணும்."

வெர்னா வீட்டில் சமையலில் இருந்ததால் தனியாகத்தான் திரும்பினார். விஸ்லோ சாலையில் திரும்பியதுமே அடிவானத்தில் ஒற்றை விளக்கு. லைலுக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாதா? தெரிந்துதான் வருகிறார்.

எட்டு நிமிஷம் இருந்தது. ஒத்திகை பார்க்கலாமென்று விரலைத் தூக்கினார். விரல் எழவில்லை. மறுபடி தூக்கினார். அது ஸ்டீரிங்கின் மேல் வேகவைத்த தொத்திறைச்சி போலப் படுத்துக் கிடந்தது. முறைத்தார். அதட்டினார். பதினான்கு வருஷம் எழாதே எழாதே என்று சொன்னபோதெல்லாம் துடித்த விரல், இன்றைக்கு எழு என்றால் எழவில்லை. ஐந்து நிமிஷம். இப்படியே கடந்துபோனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதே பழைய கை, அதே பழைய ஒரெஸ்ட். லைல் ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் இன்னொரு பதினான்கு வருஷம் போவார். இருவருக்கும் அவ்வளவு வருஷம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

பக்கத்து விரலைத் தூக்கிப் பார்த்தார். அது சட்டென்று எழுந்தது. ஆனால் அது நடுவிரல். அதைத் தனியாகத் தூக்கினால் என்ன அர்த்தம் என்பது டொரான்டோக்காரர்களுக்குக்கூடத் தெரியும். பதறி மடக்கினார்.

இரண்டு நிமிஷம். ஒரு நிமிஷம். லைலின் வெளுத்த புருவம் தெரிந்தது. லைலின் விரல் ஸ்டீரிங்கின் மேல் பாதி எழுந்து, தயங்கி, காத்துக்கொண்டிருந்தது.

ஒரெஸ்ட் இரண்டு கையையும் விட்டுவிட்டார். வலது கையை வண்டியின் கூரை முட்டும்வரை தூக்கினார். இடுப்புக்கு மேலே வராத இடது கையும், தோளில் ஏதோ நொறுங்கும் சத்தத்தோடு, வந்தது. இரண்டையும் ஆட்டினார். தேர்தலில் நிற்பவர்கள்கூட அப்படி ஆட்டியதில்லை.

பிடிக்க ஆளில்லாத வண்டி அவசரப்படவில்லை. மெதுவாக, வயதுக்குத் தகுந்த நிதானத்தோடு, வலது பக்கம் ஒதுங்கி, சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, சம்புக்கோரைகளுக்கு நடுவில் மூக்கைச் சேற்றில் வைத்து நின்றது. ஒரெஸ்டுக்கு அடி எதுவும் இல்லை. இரண்டு கையும் இன்னும் மேலே இருந்தன. இடது கையை இறக்க வழி தெரியவில்லை.

லைல் பின்னாலேயே வந்து, பள்ளத்தின் கரையில் நின்று பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கதவைத் திறந்தார்.

"யாராவது துப்பாக்கியைக் காட்டிட்டாங்களோன்னு நெனச்சேன்."

"விரல் தூக்க வரலடா" என்றார் ஒரெஸ்ட்.

"எந்த விரல்?"

"இதுதான். விறைச்சுப்போச்சு."

லைல் மேலே நின்ற இரண்டு கைகளையும் பார்த்தார். "பத்தும் தூக்கினியே."

"ஆமா."

"எல்வுட் கேப்பானே. என்னன்னு சொல்றது?"

"நான்தான் முதல்ல தூக்கினேன்னு சொல்லு. வியாழன்னு சொல்லு, வெள்ளின்னு சொல்லு, உனக்கு எது சௌகரியமோ சொல்லு. பத்து விரல்னே சொல்லு. எனக்கு முடியல, லைல்."

லைல் கொஞ்சம் யோசித்தார். "ஒரு விரல்னு சொல்றேன். பத்துன்னா நம்ப மாட்டாங்க." பிறகு ஒரெஸ்டின் இடது கையைப் பிடித்து, பம்புக் கட்டையை இறக்குவது போல மெல்ல இறக்கிவிட்டார்.

வண்டியை நாளைக்கு டிராக்டர் கொண்டு வந்து இழுத்துக்கொள்ளலாம் என்று, லைலின் வண்டியில் ஏறினார்கள். ஒரெஸ்ட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எதிரே நெஸ்டரின் வண்டி வந்தது. லைல் விரலைத் தூக்கினார். நெஸ்டர் உள்ளே இருந்த இருவரையும் பார்த்து, தூக்க மறந்து, வாயைப் பிளந்தபடி போனார். ஒரெஸ்டின் கைகள் மடியில் கிடந்தன. பக்கத்து சீட்டில் இருப்பவன் யாருக்கும் விரல் தூக்க வேண்டியதில்லை. அமுக்கவும் வேண்டியதில்லை. ஐம்பத்தாறு வருஷமாக ஓட்டுநர் சீட்டிலேயே இருந்துவிட்டதால் இந்தச் சலுகை இருப்பது அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

லைல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது கிலோமீட்டரில் பதில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார். ஒரெஸ்ட் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசல் வந்தது. தூங்குகிறவரை எழுப்புவது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதுவும் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வண்டியில் ஏறியவரை. லைல் வாசலைத் தாண்டிப் போய், வடக்குச் சாலையில் சுற்றி, தெற்குச் சாலையில் திரும்பி, மறுபடி வந்தார். இன்னும் தூக்கம்தான். மறுபடி போனார்.

வெர்னா வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள். மேஜையில் முட்டைக்கோசு உருண்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. புருஷன் போன வண்டியைக் காணோம். லைலின் வண்டி மட்டும் ஒற்றை விளக்கோடு வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணாடியில் தலை சாய்த்தபடி தன் புருஷன். மூன்றாம் தடவை தாண்டும்போது அவள் கையில் இருந்த கரண்டியை உயர்த்தி, என்ன இது என்று கேட்டாள்.

லைல் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டிவிட்டு, நான்காம் சுற்றுக்குப் போனார்.